தலைக்கு ஐம்பது ஏக்கர்: வர்ஜீனியாவில் ஆறு நாள்

முதல் நாள்: கடல்மேல் ஒரு சாலை

மகளுக்கு மே மாதம் அமெரிக்க வரலாற்றுத் தேர்வு. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடத்தைப் படித்து எழுதுகிற ஏ.பி. தேர்வு. பாடம் 1491இல் தொடங்கி இன்றைக்கு வரைக்கும் நீள்கிறது. அவளைப் படுத்துவது அதன் முதல் பாதி, குடியேற்றத்தில் இருந்து உள்நாட்டுப் போர் வரை. "எல்லாம் ஒரே மாதிரி பேரா இருக்கும்மா, எது எங்க நடந்துச்சுன்னே மனசுல நிக்க மாட்டேங்குது" என்று பிப்ரவரியிலேயே புலம்பல் ஆரம்பித்துவிட்டது. சரி என்று வரைபடத்தை விரித்தேன். தொடக்கமும் முடிவும் ஒரே மாநிலத்துக்குள் கிடந்தன. 1607இல் ஜேம்ஸ்டவுன், 1865இல் அப்போமாட்டக்ஸ், நடுவே யார்க்டவுனும் ரிச்மண்டும். வசந்த விடுமுறைக்கு வேறு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை.

கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பதிலாக அப்பா வந்தார். திண்டுக்கல்லில் இருந்து ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிறார். முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குக் கூட்டிப்போனாலும் கோயிலை அப்புறம் பார்ப்பார், முதலில் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்பார்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் குடியுரிமை நேர்காணலுக்காக அந்த 100 கேள்விகளை ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். அப்போது அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. "உள்நாட்டுப் போருக்கு வழிவகுத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி. அச்சிட்ட விடைகள் மூன்று: அடிமை முறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள். ஒன்று சொன்னால் போதும். நான் "மாநில உரிமைகள்" என்றேன். மாநில சுயாட்சி, மாநில உரிமை என்று சுவரெழுத்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறு எது வாயில் வரும்? அதிகாரி டிக் போட்டார். அதைச் சொன்னபோது மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் தெரிந்துகொள்ளவும்தான் இந்தப் பயணம்.

நியூஜெர்ஸியில் இருந்து நேர்வழியில் போகாமல் டெலாவேர் வழியாகக் கீழே இறங்கி, செசபீக் விரிகுடாவின் வாயைக் கடக்கும் பாலத்தைப் பிடித்தோம். 17.6 மைல். நடுவே இரண்டு இடத்தில் சாலை கடலுக்கு அடியில் சுரங்கமாகப் போய் மறுபடி மேலே வருகிறது, கப்பல்கள் போக வழிவிட்டு. இடப்பக்கம் அட்லாண்டிக், வலப்பக்கம் விரிகுடா. ஆங்கிலேயரின் மூன்று கப்பல்கள் 1607 ஏப்ரலில் நுழைந்தது இந்த வாய்வழியாகத்தான். 174 வருடம் கழித்து ஃபிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரை உள்ளே விடாமல் அடைத்ததும் இங்கேதான். மகள் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா ஜன்னலில் முகத்தை வைத்தபடி, "பாம்பன் பாலம் மாதிரியே இருக்கு, என்ன, முடியவே மாட்டேங்குது" என்றார்.

அடுத்த சுரங்கத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நெரிசல். விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. புளிசாதம் கை கொடுத்தது.

இரண்டாம் நாள்: அடங்கல்

காலையில் கார் முழுக்க மஞ்சள் பொடி. பைன் மரத்தின் மகரந்தம். யாரோ நம் காருக்கு மஞ்சள் பூசிப் பூஜை போட்ட மாதிரி இருந்தது. மூவரும் தும்மிக்கொண்டே கிளம்பினோம்.

முதலில் தவறான ஜேம்ஸ்டவுனுக்குப் போய்விட்டேன். யாரும் போகலாம், பெயர் அப்படி. ஜேம்ஸ்டவுன் செட்டில்மெண்ட் என்பது மாநில அரசு நடத்தும் அருங்காட்சியகம். மூன்று கப்பல்களின் மாதிரிகள், கோட்டையின் மாதிரி எல்லாம் அங்கே உண்டு. உண்மையான இடம் ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன், இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும் தீவு. சீட்டு வாங்கும் வரிசையில் மகள்தான் கண்டுபிடித்தாள். கப்பல்களை மட்டும் வெளியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். டிஸ்கவரி என்ற மூன்றாவது கப்பல் நம் ஊர் மீன்பிடி விசைப்படகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார்கள்.

தீவில் முதலில் கண்ணில் படுவது ஆறு. ஜேம்ஸ் ஆறு என்கிறார்கள், பார்த்தால் கடல். மீன்கொத்திப் பருந்து ஒன்று கம்பத்தின் மேல் கூடு கட்டிக்கொண்டிருந்தது. 1607 மே 14 அன்று 104 ஆண்களும் சிறுவர்களும் இங்கே இறங்கினார்கள். லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி அனுப்பிய ஆட்கள். தண்ணீர் ஆழம், கப்பலை மரத்திலேயே கட்டலாம், ஸ்பானியர் வந்தால் தூரத்திலேயே தெரியும். இடம் பார்த்தவர்கள் இதையெல்லாம் பார்த்தார்கள், குடிதண்ணீரைப் பார்க்கவில்லை. கோடையில் ஆற்று நீர் உப்புக் கரிக்கும். அப்பாவுக்கு இது பொறுக்கவே இல்லை. "கிணத்துக்குத் தண்ணி பாக்காம எவனாவது வீடு கட்டுவானா?"

கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1994இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் மண்வெட்டியோடு வந்து தோண்ட ஆரம்பித்தார். மண்ணில் கரும்பட்டையாக வரிசை வரிசையாகக் கம்பம் நட்ட தடங்கள். மரம் மட்கிப்போனாலும் அது நின்ற இடத்தில் மண்ணின் நிறம் மாறியிருக்கும். அந்தத் தடத்தின்மேல் இப்போது புதுக் கம்பங்களை நட்டு முக்கோணக் கோட்டையின் எல்லையைக் காட்டியிருக்கிறார்கள். கரும்பட்டையைக் குனிந்து பார்த்த அப்பா, "எல்லைக்கல் மாதிரி. கல்லைப் பிடுங்கினாலும் குழி சாட்சி சொல்லும்" என்றார். இதைவிட நன்றாக எந்த வழிகாட்டியும் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்து அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமியின் மண்டை ஓடு இருக்கிறது. வயது 14 இருக்கும் என்கிறார்கள், ஜேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1609–10 குளிர்காலத்தை இங்கே பட்டினிக் காலம் என்று சொல்வார்கள். அந்த மண்ணின் பழங்குடியான பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையை முற்றுகையிட, உள்ளே இருந்த ஏறக்குறைய 300 பேரில் வசந்தத்தில் 60 பேர்தான் மிச்சம். குதிரை, நாய், எலி, தோல் செருப்பு என்று தின்று தீர்த்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு 2012இல் ஒரு நிலவறைக் குப்பையில் கிடைத்த இந்த எலும்பில் வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. முதலில் நடுங்கிய கையால் போட்ட ஆழமில்லாத வெட்டுகள். மகள் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவருடைய பாட்டி சொன்ன ஏதோ ஒன்றை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இந்தக் குடியேற்றத்தைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரோல்ஃப் கரீபியன் பக்கத்து விதையை 1612 வாக்கில் நட்டுப் பார்த்தார். பவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹாண்டஸை மணந்தவர் என்றுதான் இவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இங்கே வெண்கலச் சிலை உண்டு. வருகிறவர்கள் கையைப் பிடித்துப் படம் எடுத்து எடுத்து, அந்தக் கைகள் மட்டும் தேய்ந்து பொன்னாக மின்னுகின்றன. மாண்டது 1617இல், இங்கிலாந்தில்.

புகையிலைக்கு நிலம் வேண்டும், ஆள் வேண்டும். கம்பெனி ஒரு திட்டம் போட்டது. கடல் கடந்து ஆள் ஒருவரைச் செலவு செய்து கொண்டுவந்தால், கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்தவனுக்கா, கூட்டிட்டு வந்தவனுக்கா?" கூட்டி வந்தவருக்கு. "அப்ப பட்டியல்ல தலை கூடக் கூட நிலம் கூடும். பேர் எழுதறவன் கையில இருக்கு எல்லாம்." முப்பது வருட அனுபவம் பேசியது.

அந்தப் பட்டியல்களைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். 1619 ஜூலை 30 அன்று இங்கிருந்த தேவாலயத்தில் ஊருக்கு இருவராக 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து கூடினார்கள். ஆங்கிலேய அமெரிக்காவின் முதல் மக்கள் சபை. வெயில் தாங்காமல் ஆறே நாளில் முடித்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஒருவர் கூட்டத்தின் நடுவிலேயே இறந்தும் போனார். அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு கப்பல் "இருபதும் சொச்சமும்" ஆப்பிரிக்கர்களை இறக்கி உணவுப் பண்டத்துக்கு மாற்றிக்கொண்டது. சொச்சம் என்று நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ரோல்ஃப் கடிதத்தில் எழுதியதே அந்தத் தொனியில்தான். சபைக்கு வந்தவர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் வெறும் எண், அதுவும் முழு எண் கிடையாது.

அந்த நாட்களில் வந்தவர்களில் ஒரு விதிவிலக்கு. 1625 தொடக்கத்தில் எடுத்த வீட்டுவாரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. வீடு, ஆள், வயது, வந்த கப்பல், தானியம், துப்பாக்கி, ஆடு மாடு என்று எல்லாம் எழுதிய பதிவேடு. வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டில் "ஆஞ்செலோ, நீக்ரோப் பெண், ட்ரெஷரர் கப்பலில்" என்று ஒரு வரி. ஆஞ்செலா என்று இன்று சொல்கிறார்கள். அங்கோலாவில் பிடிக்கப்பட்டு, போர்த்துக்கேயக் கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் கொள்ளையர் கைமாறி இங்கே வந்தவர். அந்த வீட்டு மனையைத் தோண்டியிருக்கிறார்கள். "இது அப்படியே நம்ம அடங்கல்டி பாப்பா" என்று அப்பா பேத்திக்கு விளக்கினார். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், யார் அனுபவம் என்று கிராமத்தில் வருடாவருடம் எழுதுவார்களே, அது.

இன்னொரு வரி அவரைத் தூக்கிவாரிப் போட்டது. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலத்துக்காகக் காட்டிய தலைகளில் ஒன்று "கிழக்கிந்தியன் டோனி". இந்தியப் பக்கத்து மனிதர். ஊர்ப் பெயர் இல்லை, நிலம் வாங்க அது தேவைப்படவில்லை. "50 ஏக்கர்" என்று அப்பா இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள்: தோற்றவர் எங்கே போனார்?

ஜேம்ஸ்டவுன், வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன் மூன்றையும் இணைக்கும் 23 மைல் பூங்காச் சாலை அருமையானது. கடை இல்லை, விளம்பரப் பலகை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, தரையில் வெள்ளைக் கோடுகூட இல்லை.

வில்லியம்ஸ்பர்க்கைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. 1699இல் இருந்து 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகர். 1926இல் தொடங்கி ராக்ஃபெல்லர் பணத்தில் ஊரையே பழையபடி மீட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கொல்லன், தொப்பி தைப்பவர், அச்சுக்கூடக்காரர் எல்லாம் அந்தக் காலத்து உடையில் நின்று நன்றாகவே பேசுகிறார்கள். இஞ்சிக் கேக் சுவையாக இருந்தது. எனக்கு என்னவோ எல்லாமே அளவுக்கு மேல் சுத்தமாகப் பட்டது. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த புரட்சி நேரத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் கறுப்பினத்தவர், அநேகமாக அனைவரும் அடிமைகள். அவர்கள் வாழ்ந்த அழுக்கையும் நெரிசலையும் சுண்ணாம்பு அடித்த வேலிகளுக்கு நடுவே கற்பனை செய்ய மெனக்கெட வேண்டியிருந்தது. பார்க்கத் தவறக்கூடாத ஒன்று பிரே பள்ளி. 1760இல் தொடங்கிய, கறுப்பினக் குழந்தைகளுக்கான சின்ன மரக்கட்டடம். வேறு கட்டடத்துக்குள் மறைந்து கிடந்ததைக் கண்டுபிடித்து, 2023இல் அப்படியே லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பைபிள் படிக்கவும் எஜமானுக்குப் பணிந்து நடக்கவும் கற்றுத் தருவதுதான் நோக்கம். எழுத்து தெரிந்துவிட்டால் எதைப் படிப்பது என்பது படிப்பவர் முடிவு.

மகள் கேட்டாள், "சுதந்திரம்னு பேசினவங்க வீட்லயே அடிமை இருந்தாங்களே, அவங்களுக்கு உறுத்தலையா?" உறுத்தியது, எழுதியும் வைத்தார்கள், விடவில்லை. 1775 நவம்பரில் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது, தயங்கி நின்ற தோட்ட முதலாளிகள் பலர் கலகக்காரர் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் காரணம். பாடப் புத்தகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு பத்தி.

யார்க்டவுன் அப்பாவின் நாள். 1781 அக்டோபர் 19, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை, 7,000 பேருக்கு மேல், வாஷிங்டனிடமும் ஃபிரெஞ்சுக்காரரிடமும் சரணடைந்தது. கடல்வழியை ஃபிரெஞ்சுக் கப்பற்படை அடைத்தாயிற்று, தரையில் நாளுக்கு நாள் பதுங்குகுழி நெருங்கி வந்தது. அக்டோபர் 14 இரவு இரண்டு மண்ணரண்களைப் பாய்ந்து பிடித்தார்கள். அதில் பத்தாம் எண் அரணைத் துப்பாக்கியில் குண்டு போடாமல் ஈட்டிமுனையாலேயே பிடித்தவர் ஹாமில்டன், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர். அந்த அரண் இப்போது புல் மூடிய மேடு. ஆற்றுப் பக்கம் பாதியை அரித்துவிட்டது.

சரணடையும் மைதானத்துக்கு கார்ன்வாலிஸ் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லித் துணைத் தளபதியிடம் வாளைக் கொடுத்தனுப்பினார். அவர் ஃபிரெஞ்சுத் தளபதியிடம் நீட்ட, அவர் வாஷிங்டனைக் காட்ட, வாஷிங்டன் தன் துணைத் தளபதியைக் காட்டினார். மகள் இதைச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"அப்புறம் அவரு எங்க போனாருன்னு உங்க புத்தகத்துல இருக்கா?" என்றார்.

இல்லை.

"நம்ம ஊருக்கு வந்தாரு."

மைதானத்தின் மர வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். ஐந்தே வருடத்தில், 1786இல், கார்ன்வாலிஸ் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை மடக்கிப் பாதி ராஜ்ஜியத்தை எழுதி வாங்கினார், இரண்டு பிள்ளைகளைப் பிணையாகவும் பிடித்துக்கொண்டார். எழுதி வாங்கியதில் பாரமகாலும் உண்டு, திண்டுக்கல்லும் உண்டு. பாரமகாலை அளந்து வரி போட வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர். விவசாயியிடம் நேரடியாகப் பட்டா, நேரடியாக வரி என்ற ரயத்துவாரி முறை அங்கே முளைத்தது. "நான் முப்பது வருஷம் எழுதின கணக்கோட வேர் அது. இந்த மனுஷன் இங்க தோத்ததாலதான் அங்க வந்தாரு."

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸுக்குச் சிலை இருக்கிறது, பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. தோற்ற ஊரில் அவருக்கு ஒரு குகைதான் பேர் சொல்லுகிறது. குண்டு மழைக்குப் பயந்து அங்கே ஒளிந்திருந்தார் என்ற கதையோடு.

இன்னொன்று. யார்க்டவுனோடு சண்டை ஓயவில்லை. இந்தப் போரின் கடைசி மோதல்கள் 1783 ஜூனில் நம் கடலூரில் நடந்தன, ஆங்கிலேயரும் ஃபிரெஞ்சுக்காரரும். சமாதானச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்த பிறகுதான் நிறுத்தினார்கள். மகள் இதைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டாள்.

நான்காம் நாள்: மூன்று பேர், ஒரு படகு

நேற்று எழுதியதில் கொஞ்சம் உற்சாகம் கூடிவிட்டது. யார்க்டவுன் கோட்டைக்குள் அடைக்கலம் தேடி வந்திருந்த அடிமைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலேயரோடு போனால் விடுதலை என்று நம்பி ஓடி வந்தவர்கள். உணவு குறைந்து அம்மையும் பரவியபோது கார்ன்வாலிஸ் அவர்களை வெளியே துரத்திவிட்டார். இரண்டு படைக்கும் நடுவே காட்டில் செத்துக் கிடந்தார்கள்.

இன்று மன்றோ கோட்டை. நேற்றைய மன்றோ வேறு, இவர் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ. அப்பாவுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் ஏக சந்தோஷம். அகழி சூழ்ந்த பெரிய கல்கோட்டை, 1819இல் தொடங்கி 1834 வரை கட்டியது. இருக்கும் இடம் பாயிண்ட் கம்ஃபர்ட். 1619 ஆகஸ்டில் அந்த "இருபதும் சொச்சமும்" இறங்கிய அதே முனை.

அதே முனைக்கு 242 வருடம் கழித்து ஒரு படகு வந்தது. 1861 மே 23. வர்ஜீனியா அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து போவதா வேண்டாமா என்று வாக்கெடுத்துப் பிரிந்த நாள். சுற்றுவட்டாரம் பகைவர் கையில், இந்தக் கோட்டை மட்டும் ஒன்றியப் படையிடம். எதிர்க்கரையில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைக்கு பீரங்கி மேடு கட்ட வேலை வாங்கப்பட்ட மூன்று அடிமைகள், தங்களை வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அன்றிரவு படகேறித் துடுப்புப் போட்டு வந்து கோட்டை வாசலில் நின்றார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். இந்தத் தடவை பெயர் இருக்கிறது.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர். வந்து ஒரே நாள் ஆகியிருந்தது. தொழில்முறைப் படைவீரர் கிடையாது, மாசசூசெட்ஸ் வக்கீல். மறுநாளே எதிர்த்தரப்பில் இருந்து ஒரு மேஜர் வெள்ளைக்கொடியோடு வந்தார். தப்பி வந்த அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒன்றியத்தின் சட்டம், கொடுங்கள் என்றார். பட்லரின் பதிலை மகள் வக்கீல் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினாள். நீங்கள்தான் நேற்றோடு தனி நாடு என்கிறீர்களே, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? உரிமையாளர் வந்து ஒன்றியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கட்டும், தருகிறேன். இல்லையென்றால், என்னைச் சுடுவதற்கு மேடு கட்டும் கருவியாக நீங்கள் பயன்படுத்திய "சொத்து" இது. போரில் பகைவன் கருவியைப் பறிமுதல் செய்வது முறைதான்.

அப்பா கைதட்டினார். "அவன் வாதத்தையே எடுத்து அவன் தலையில கட்டினான் பாரு!"

எனக்கு அந்தக் கைதட்டலில் சேர முடியவில்லை. பட்லர் அவர்களை மனிதர்கள் என்று சொல்லி விடுவிக்கவில்லை. பறிமுதல் சரக்கு என்றுதான் சொன்னார். அந்தப் பெயரே போர் முழுவதும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அக்கரையில் சேதி கேட்டவர்களுக்கு வக்கீல் நுணுக்கம் தேவைப்படவில்லை. கோட்டைக்குள் போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அவ்வளவு போதும். சில நாளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். போர் முடிவதற்குள் 10,000 பேருக்கு மேல். வாஷிங்டனில் இருந்தவர்கள் அடிமை முறையைத் தொடாமலே போரை முடித்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த யோசனையை நடைமுறையில் கெடுத்தவர்கள் இப்படி நடந்தும் நீந்தியும் வந்தவர்கள்.

கோட்டைச் சுவர்மேல் நடந்தோம். காற்று தள்ளியது. எதிர்க்கரை பளிச்சென்று தெரிகிறது, அங்கே இப்போது பெரிய கடற்படைத் தளம். இந்தத் தண்ணீரை இருட்டில் படகில் கடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று மகள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

மாலையில் ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஓக் மரம். கிளைகள் தரையைத் தொட்டு மறுபடி எழும், விரிவு ஏறக்குறைய 100 அடி. கறுப்பினத்தவருக்கு எழுத்துச் சொல்லித் தருவது வர்ஜீனியாவில் குற்றமாக இருந்தபோது, மேரி பீக் என்ற ஆசிரியை 1861இல் கோட்டைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை இந்த நிழலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். 1863இல் ஜனாதிபதி லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தைப் படித்ததும் இங்கேதான். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள்: அரை ஏக்கர்

மழை. பீட்டர்ஸ்பர்க் முற்றுகைக் களத்தை விட்டுவிட்டோம், அப்பாவுக்கு முழங்கால் வலி. மகளுக்கு மட்டும் கொஞ்சம் கோபம். சுரங்கம் வெட்டி வெடி வைத்த பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தாள்.

ரிச்மண்டில் ட்ரெடிகர் இரும்பாலையின் செங்கல் இடிபாடுகளுக்குள் உள்நாட்டுப் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. தெற்குக் கூட்டமைப்பின் பீரங்கிகள் வார்க்கப்பட்ட இடம். அங்கே வைத்துத்தான் என் மாநில உரிமை வழக்கை மகள் முடித்து வைத்தாள். 1860 டிசம்பரில் முதலில் பிரிந்த தென் கரோலினா, ஏன் பிரிகிறோம் என்று தானே எழுதி வெளியிட்ட அறிக்கையைக் கையில் கொடுத்தாள். "படிம்மா."

படித்தேன். வட மாநிலங்கள் மேல் குற்றச்சாட்டு வரிசையாக வருகிறது. தப்பி வந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கிறார்கள், அதற்கென்று தங்கள் சட்டசபையில் தனிச் சட்டம் போட்டுக்கொள்கிறார்கள், அடிமை ஒழிப்புச் சங்கங்களை அனுமதிக்கிறார்கள். அதாவது ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் தன் உரிமையைப் பயன்படுத்தியதுதான் புகார். நான் நேர்காணலில் சொன்ன விடையைத் தெற்கே எழுதிய தாளிலேயே தேடினால், தலைகீழாகக் கிடக்கிறது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் மணத்தை நான் இங்கே கொண்டுவந்து பூசிவிட்டிருக்கிறேன். மூன்று மாத இடைவெளியில், 1861 மார்ச்சில், தெற்கின் துணை ஜனாதிபதி ஸ்டீஃபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று மேடையில் சொன்னார். ஒளித்து மறைத்தெல்லாம் பேசவில்லை. மறைத்தது பின்னால் வந்தவர்கள்.

"அந்த அட்டையை அச்சடிச்சவங்க மூணு விடை போட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று முணுமுணுத்தேன். பொருளாதாரம் என்ற இரண்டாவது விடையும் ஒன்றும் தனி விடை கிடையாது. 1860இல் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். தெற்கின் சொத்தே அவர்கள்தான்.

பின்னால் வந்தவர்கள் கட்டியதையும் பார்த்தோம், கட்டிய இடத்தை. மான்யுமெண்ட் அவென்யூவில் தெற்குப் படைத் தளபதி லீயின் குதிரைச் சிலை 1890இல் எழுந்தது, போர் முடிந்து 25 வருடம் கழித்து. 2021 செப்டம்பர் 8 அன்று இறக்கினார்கள். வட்டத்தில் இப்போது செடிகள். அப்பா ஏமாந்துபோனார், பார்க்க ஒன்றுமில்லையே என்று.

பிறகு ஷாக்கோ பாட்டம். ரயில் பாலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு புல்தரை, சில பலகைகள். லம்ப்கின் என்ற அடிமை வியாபாரியின் சிறை இருந்த இடம். 1808இல் வெளிநாட்டில் இருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடையான பிறகு, புகையிலையில் சோர்ந்த வர்ஜீனியா, பருத்தி விளையும் தெற்குக்கு மனிதர்களை விற்றுப் பிழைத்தது. அதன் பெருஞ்சந்தை இது. இந்த மனைக்கு "பிசாசின் அரை ஏக்கர்" என்று பெயர்.

"ஐம்பது சென்ட்" என்றார் அப்பா, குடைக்குள் இருந்து.

லம்ப்கின் இறந்தபோது இந்த இடம் மேரி லம்ப்கின் பெயருக்கு வந்தது. அவருடைய அடிமையாக இருந்து, அவர் பிள்ளைகளைப் பெற்றவர். 1867இல் மேரி அதைக் கறுப்பினத்தவருக்கான பள்ளிக்கு வாடகைக்கு விட்டார். ஜன்னல் கம்பிகளை எடுத்துவிட்டு வகுப்பு நடத்தினார்கள். அது வளர்ந்துதான் இன்றைய வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகம். அப்பா பலகையை முழுக்கப் படித்துவிட்டு, "பட்டா மாறுதல்னா இதுதான்" என்றார். மழை வலுத்தது, ஓடி வந்து காரில் ஏறினோம்.

ஆறாம் நாள்: அச்சுக்கூடம்

ரிச்மண்டில் இருந்து மேற்கே இரண்டு மணி நேரம். அப்போமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்பது ஊரின் பெயர். நீதிமன்றத்தில் சரணடைந்தார்கள் என்று நான் நினைத்திருந்தது தப்பு. 1865 ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு, வில்மர் மெக்லீன் என்ற சர்க்கரை வியாபாரியின் வீட்டு முன்னறையில் லீ, ஒன்றியப் படைத் தளபதி கிராண்ட் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அந்த மெக்லீன், 1861இல் முதல் பெரும் சண்டை நடந்த மனாஸஸ் பக்கத்துக்காரர். பண்ணை வீட்டில் குண்டு விழுந்ததும், போர் வராத ஊராகப் பார்த்து இங்கே குடிவந்தவர். சனி பிடித்தால் பனிரெண்டு கட்டமும் துரத்தும் போல.

வீடு அசல் கிடையாது. 1893இல் பிரித்து வாஷிங்டனுக்கு எடுத்துப்போய்க் காட்சி வைக்கிறேன் என்று ஒரு குழு கிளம்பி, பணம் இல்லாமல் அப்படியே விட்டது. குவித்து வைத்த செங்கல்லும் மரமும் திருடு போயின. இப்போது நிற்பது மறுபடி கட்டி 1949இல் திறந்தது. முன்னறை சின்னது, நம் வீட்டுக் கூடம் அளவு. லீக்கு ஒரு மேசை, கிராண்டுக்கு ஒரு மேசை. சரண் நிபந்தனைகளை மையில் படியெடுத்தவர் ஈலி பார்க்கர், செனக்கா பழங்குடியைச் சேர்ந்தவர், கிராண்டின் செயலர். கையெழுத்து ஆனதும் ஒன்றிய அதிகாரிகள் அறையில் இருந்த சாமான்களை நினைவுப் பொருளாக அள்ளிக்கொண்டு போனார்கள். மெக்லீன் மகளின் துணிப் பொம்மைகூடத் தப்பவில்லை. அது மட்டும் திரும்பி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது எதிரே இருந்த சத்திரம். சரணடைந்த தெற்கு வீரர்கள் வழியில் யாரும் பிடிக்காமல் ஊர் போய்ச் சேர ஆளுக்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார் லீ. உடனே இந்தச் சத்திரத்தில் அச்சு இயந்திரங்களை இறக்கி, ராவும் பகலும் ஓட்டி, 28,000க்கு மேல் சீட்டு அடித்தார்கள். இரும்பில் ஒரு அச்சு அங்கே நிற்கிறது, மேலே கொடிபோட்டு ஈரத் தாள்கள் தொங்குகிற மாதிரி. பெயர் எழுத ஒரு கோடு விட்டிருக்கிறது. குதிரை வைத்திருந்தவர் குதிரையைக் கொண்டுபோகலாம், உழவுக்கு ஆகுமே என்று. பசித்தவர்களுக்குச் சாப்பாடும் போட்டார்கள். தோற்றவரிடம் இவ்வளவு பெருந்தன்மையா என்று அப்பாவுக்கு வியப்பு. "அந்த மாவட்டத்துல பாதிக்கு மேல அடிமைங்க தாத்தா. அவங்களுக்கு ஒரு சீட்டும் யாரும் அடிக்கலை" என்றாள் மகள்.

அவர்களில் ஒருவர் ஹன்னா ரெனால்ட்ஸ். அன்று காலை நடந்த கடைசிச் சண்டையில் ஒரு பீரங்கிக் குண்டு அவர் இருந்த வீட்டைத் துளைத்துக்கொண்டு போய் அவர்மேல் பட்டது. அடிமையாகவே அன்று இறந்தார் என்றுதான் 150 வருடம் சொல்லிவந்தார்கள். பிறகு இறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் தேதி ஏப்ரல் 12. சட்டப்படி 1863லேயே விடுதலை, ஆனால் அந்தச் சட்டம் இந்த ஊருக்குள் வந்தது ஏப்ரல் 9 பிற்பகலில்தான். மூன்று நாள் அவர் யாருடைய சொத்தாகவும் இல்லாமல் இருந்திருக்கிறார்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு சொன்னார், "அந்தப் பதிவேட்டை எழுதினவன் எவனோ, தேதியைச் சரியா போட்டிருக்கான். நாங்க சில சமயம் மொத்தமா உட்கார்ந்து மாசக் கடைசியில எழுதுவோம்."

கார் கண்ணாடியில் மறுபடி மஞ்சள் பொடி. வைப்பரைப் போட்டேன். பின்சீட்டில் மகள் குறிப்பேட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஹன்னா ரெனால்ட்ஸ், ஏப்ரல் 12. தேர்வுல வராதும்மா" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல்.